துரைசா கப்று

சாய்ந்தமருதில், மகளுக்கு மாப்பிள்ளை கேட்டுப் போன வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து நான் பிளேன்ரீயை ஊதிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் உம்மா கேட்டார்: "தங்கச்சி, உங்கட குடி என்ன?"

நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் பதில் சொன்னேன். குடிப் பெயரைச் சொல்லும்போது எங்கள் வீட்டில் எல்லாருக்குமே முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே இரண்டு பேர் கேற்றைத் தட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள்.

அவருடைய முகம் வாடிவிட்டது. நாங்கள் கொண்டுபோன தொதல் பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்த கையும் அப்படியே நின்றது. "எங்கடதும் அதுதானே," என்றார்.

எங்கள் கிழக்குக் கரையில் குடி, அதாவது வம்சம், உம்மா வழியாக வருவது. வாப்பா எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு உம்மாவின் குடிதான். வீடும் மகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால்தான் மாப்பிள்ளை கேட்டு நாங்கள் தொதலோடு போகிறோம், அவர்கள் வருவதில்லை. ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை. ஒரே குடி என்றால் கூடப்பிறந்த மாதிரி. இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே எல்லாரும் பார்ப்பார்கள்.

என் மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. வந்த சம்பந்தங்களையெல்லாம் ஒவ்வொரு சாட்டுச் சொல்லித் தட்டிவிட்டவள், இந்த ஒன்றை மட்டும் தானாக வந்து என்னிடம் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறார்கள். நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "உம்மா, இவரெண்டா எனக்குச் சரி," என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பைப்பைத் திறந்து கையைக் கழுவினாள். கையில் அழுக்கு ஒன்றும் இருக்கவில்லை. இது தவறினால் இவள் இனி ஒன்றுக்கும் ஓம் சொல்ல மாட்டாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையைப் பெற்றவளுக்கு வேறு என்ன தெரிய வேண்டும்?

மௌலவியிடம் கேட்டோம். மார்க்கத்தில் இதற்கு ஒரு தடையும் இல்லை, குடியெல்லாம் நாங்கள் வைத்துக்கொண்டது என்று அவர் தெளிவாகச் சொன்னார். அதைப் போய் மாப்பிள்ளையின் உம்மாவிடம் சொன்னேன். அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சண்டை பிடிக்க எனக்கு நன்றாக வரும். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய தங்கச்சி ஒருத்தி பிடிவாதமாக ஒரே குடிக்குள் கல்யாணம் முடித்திருக்கிறாள். பிறந்த பிள்ளைகள் ஒன்றுகூடத் தங்கவில்லை. கடைசிப் பிள்ளையின் மையத்தை, அந்தச் சின்ன உடலை, இவர்தான் மடியில் வைத்துக்கொண்டிருந்தாராம்.

"மார்க்கத்தில தடையில்ல எண்டு எனக்கும் தெரியும் தங்கச்சி," என்றார். "எனக்குப் பயம்."

பயத்தோடு என்னால் வாதாட முடியாது. அது எனக்கு நெருங்கிய சொந்தம். கந்தோரில் வேலை பார்க்கும் காலத்திலிருந்து, போன் அடித்தாலே யாரோ மௌத்து என்று நினைத்துக்கொண்டு எடுக்கிறவள் நான். மகனுக்கு வேறு இடத்திலும் பேச்சு வந்திருக்கிறது, மாரி தொடங்குமுன் ஒரு முடிவு சொல்லிவிடுகிறேன் என்றார் அவர். அன்றையிலிருந்து நான் தினமும் வானத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

இந்த நேரத்தில்தான் லண்டனிலிருந்து என் தங்கச்சியின் மகன் போன் எடுத்தான்.

அவன் ஒரு குழாய்க்குள் துப்பி ஏதோ ஒரு கொம்பனிக்கு அனுப்பியிருந்தான். அதைப் பார்த்துவிட்டு இன்ன நாட்டு இரத்தம் இவ்வளவு என்று படம் போட்டு அனுப்புவார்களாம். அவனை அனுப்பத் தூண்டியது எங்கள் துரைதான். அந்தத் துரையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் ஓர் இங்கிலீசுக்காரர் இருக்கிறார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் குளமும் வாய்க்காலும் அளக்க வந்தவர், எங்கள் உம்மாமாருக்கெல்லாம் உம்மாவான ஒருத்தியைக் கண்டு மனம் பறிகொடுத்து, கலிமா சொல்லி, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் குடிக்கு மாப்பிள்ளையாக வந்தார் என்பது கதை. எங்களில் ஆளுக்கு ஆள் தலைமுறை தாண்டி வந்து விழும் பூனைக்கண்ணுக்கு அவர்தான் காரணம். என் மகளுக்கும் அந்தக் கண். மையங்களை அடக்குகிற கடற்கரை மையவாடியின் கிழக்கு மூலையில் கருங்கல் மீசான் கற்கள் நட்ட ஒரு கப்று இருக்கிறது. ஊரில் எல்லாரும் அதைத் துரை கப்று என்பார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் துரைசா கப்று என்பார்கள். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் துரைசா பேரில் அயல் வீடுகளுக்குச் சீனி பங்குவது எங்கள் வீட்டுப் பழக்கம். நானும் பங்கியிருக்கிறேன். ஆம்பிளை ஒருவர் பேரில் பிள்ளைப்பேற்றுக்கு என்னத்துக்குச் சீனி பங்குகிறோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

என் காக்கா, அதாவது எனக்கு மூத்த சகோதரர், எங்கள் குடிக்குப் பள்ளியில் மரைக்காயர். ஒவ்வொரு குடியிலிருந்தும் ஒருவர் பள்ளி நிர்வாகத்தில் இருப்பது இங்கே வழக்கம். எங்கள் தாய்மாமாவுக்குப் பிறகு காக்காவுக்கு அது வந்தது. துரையின் கதையைச் சொல்வதில் அவருக்கு மிஞ்சின ஆள் கிடையாது. துரையே வந்து விழுந்த குடி என்று தொடங்கினாரென்றால் தேத்தண்ணி ஆறிப்போகும்.

தங்கச்சி மகனின் போனுக்கு வருகிறேன். அவனுடைய படத்தில் இங்கிலீசு இரத்தம் கொஞ்சம் இருந்தது. அது எங்களுக்குத் தெரிந்ததுதானே, இதற்காகவா காசு கொடுத்துத் துப்பினாய் என்று நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அந்தக் கொம்பனி தாய் வழியை மட்டும் தனியாகப் பார்த்துச் சொல்லுமாம். உம்மா, உம்மாவுக்கு உம்மா, அவருக்கு உம்மா என்று பெண்கள் வழியாக மட்டும் இறங்கி வருகிற ஒன்று உடம்பில் இருக்கிறதாம்; ஆண்கள் வழியாக அது வராதாம்.

"அந்த வழிதான் பெரியம்மா இங்கிலீசு," என்றான். "துரை ஆம்பிளை இல்ல."

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் கதிரையைத் தேடி உட்கார்ந்தேன்.

அவன் சொல்லி முடிக்கவில்லை. அதே கொம்பனியில் துப்பிய ஓர் இங்கிலீசுக்கார மூதாட்டி இவனுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வந்திருக்கிறதாம். அவர் பல வருடமாகத் தன் குடும்பத்தைத் தேடி எழுதி வைத்துக்கொண்டிருப்பவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகன் வீடியோவில் அவரை எனக்குக் காட்டினான். கழுத்துவரை கம்பளி போட்டுக்கொண்டு, மடியில் பூனையோடு உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பூனையைப் பார்க்கவில்லை, அவருடைய கண்ணைத்தான் பார்த்தேன். என் மகளின் கண்.

அவர் சொன்னதைத் தங்கச்சி மகன் தமிழில் சொன்னான். அவருடைய முன்னோரில் ஓர் அண்ணனும் தங்கையும் சிலோனுக்குக் கப்பலேறியிருக்கிறார்கள். அண்ணன் காணி அளக்கிற உத்தியோகத்தன். தாயும் தகப்பனும் இல்லாததால் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். திரும்பிப் போனது அவன் மட்டும். தங்கை காய்ச்சலில் செத்துப்போனாள் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். எங்கே அடக்கினாய் என்று கேட்டதற்குக் கடைசிவரை பதில் சொல்லவில்லையாம். அவர்களுடைய வேதக்கோவில் சுவரில் அவளுக்கு ஒரு கல்லும் வைத்து, அதற்குக் கீழே பூவும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அந்த அம்மா என்னைக் கேட்டார், அவள் காய்ச்சலில்தான் செத்தாளா என்று. எனக்குத் தெரியாது என்றேன். ஆனால் அவளுக்கு மகள் பிறந்திருக்கிறாள், அது மட்டும் நிச்சயம் என்றேன். தங்கச்சி மகன் அதை இங்கிலீசில் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். நானும் அழுதேன். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பூனை கொட்டாவி விட்டது.

போனை வைத்த பிறகுதான் துரைசா என்ற சொல் என் மண்டையில் வந்து இடித்தது. துரைசா என்றால் துரை சாஹிபு என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இஸ்லாத்துக்கு வந்த துரைக்கு மரியாதையாக ஒரு சாஹிபைச் சேர்த்து, அது வாயில் தேய்ந்து துரைசா ஆகிவிட்டது என்று காக்கா விளக்கமே வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் காதுக்கு எந்தச் சா கேட்டாலும் அது சாஹிபுதான். ஆனால் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் இருந்த பெயர் துரைசாணி. அதன் வாலைத்தான் நாங்கள் அறுத்திருக்கிறோம். ஒருவேளை சாணி என்று வருவது பிடிக்காமல் பெண்களே அறுத்திருப்பார்கள், தெருப் பிள்ளைகள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். அந்த அறுந்த வாலில் ஆண்கள் ஒரு தாடியை ஒட்டிவிட்டார்கள்.

ஏன் ஒட்டினார்கள் என்பதும் உடனே விளங்கியது. வெளியிலிருந்து ஓர் ஆண் வந்தால் குடிக்கு ஒன்றும் ஆகாது. பெண் எங்களுடையவள், பிள்ளைகளும் எங்களுடையவர்கள். வந்தவள் பெண் என்றால் அவளுக்குக் குடி இல்லை. அவளுடைய மகளுக்கும் இல்லை. மகளின் மகளுக்கும் இல்லை. எனக்கும் இல்லை.

அங்கே அண்ணன் அவளைச் சாகடித்தான். இங்கே நாங்கள் அவளை ஆம்பிளையாக்கினோம். பாவம் அந்தப் பிள்ளை, இரண்டு பக்கத்திலும் அவளுக்கு இடம் இருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் மதியச் சோற்றைக்கூட ஒழுங்காக வடிக்கவில்லை. ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. எங்களுக்குக் குடி இல்லையென்றால் அந்த வீட்டுக் குடியும் எங்கள் குடியும் ஒன்றாக இருக்க முடியாது. என் மகள் கல்யாணம் முடிக்கலாம்.

மறுநாளே ஓட்டோ பிடித்துச் சாய்ந்தமருதுக்குப் போனேன். மாப்பிள்ளையின் உம்மா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். போனிலிருந்த வண்ணப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு போனை என் கையில் திருப்பித் தந்தார்.

"துப்பலில என்ன தெரியும் எண்டு எனக்கு விளங்கா தங்கச்சி. கப்றில எத்தன கல்லு இரிக்கி?"

நான் அதை யோசித்திருக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் ஆண்களின் கப்றுக்கு இரண்டு மீசான், தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. பெண்களுக்கு மூன்று. நடுவிலும் ஒன்று நடுவார்கள். யார் என்ன கதை கட்டினாலும் அடக்கிய நாளில் நட்ட கல் அப்படியேதான் நிற்கும்.

பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. ஆகவே அந்தக் கப்றை நான் ஒருநாளும் கண்டதில்லை. என் வீட்டுக்காரர், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாரத்தை மடித்துக் கட்டினார். மாப்பிள்ளையின் உம்மா அதை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும். மகளுக்காக வாப்பா எத்தனை கல்லையும் எண்ணுவார். ஊர் நம்பக்கூடிய ஒரே வாய் என் காக்காவுடையது. மூன்று என்று சொன்னால் தன் இடத்தை இழக்கப்போகிறவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

காக்காவிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரு துப்பலுக்காகக் குடியை விடச் சொல்கிறாயா என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து மாமாவோடு பெருநாளுக்குப் பெருநாள் அந்தக் கப்றுக்குப் போய் யாஸீன் ஓதுகிறவர் அவர். இரண்டு கல்தான், தன் கண்ணால் கண்டது, இதற்கு மேல் கதைக்க ஒன்றும் இல்லை என்றார். நான் அழுதுகொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு கல். அவர் பொய் சொல்கிற ஆளில்லை. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். மகள் வந்து கால்மாட்டில் உட்கார்ந்து, விடுங்க உம்மா, பாத்துக்கொள்ளுவம் என்றாள். பாடசாலையில் இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். அவரை ஒவ்வொரு நாளும் கண்டுகொண்டிருக்க ஏலாது என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குள் கடலும் சேர்ந்துகொண்டது. சில வருடங்களாகவே எங்கள் கரையைக் கடல் தின்றுகொண்டு வருகிறது. சுனாமி ஒரே நாளில் செய்ததை இது ஆறுதலாக, ருசி பார்த்துச் செய்கிறது. தென்னைகள் போய்விட்டன. தோணி இழுத்து வைக்கும் இடம் போய்விட்டது. லொறியில் பாறாங்கல் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கொட்டிய இடத்தை விட்டுவிட்டு அது அடுத்த இடத்தைக் கடிக்கிறது. மையவாடியின் கிழக்கு மதில் சரிந்துவிட்டது என்று வீட்டுக்காரர் மீன் வாங்கப் போன இடத்தில் கேட்டுக்கொண்டு வந்தார். கிழக்கு மூலை என்றால் துரைசா. இரண்டு கல்லோ மூன்று கல்லோ, இன்னும் கொஞ்ச நாளில் எண்ணுவதற்கே ஒன்றும் இருக்காது. வானமும் வடகிழக்கில் கறுக்கத் தொடங்கியிருந்தது.

மறுபடியும் காக்காவிடம் போனேன். இந்த முறை நான் குடியைப் பற்றிக் கதைக்கவில்லை. அந்தக் கப்று கடலுக்குப் போகப்போகிறது, போகுமுன் ஒருதரம் ஓதிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாமலில்லை. அவர் என் காக்கா. எனக்கு நடை பழக்கியவர். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் போகிறேன் என்றார்.

நான் மாப்பிள்ளையின் உம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

கடற்கரையில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். சரிந்த மதிலின் துண்டுகள் அலைக்குள் கிடந்தன. காக்கா தெருப் பக்கத்து வாசலால் உள்ளே போய், கப்றுகளுக்கு இடையில் கவனமாக நடந்து எங்களை நோக்கி வந்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மதில் இருந்தது எங்களுக்குப் பின்னால். நாங்கள் நிற்கிற இடமே மையவாடிதான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். மாப்பிள்ளையின் உம்மாவும் ஒன்றும் கேட்காமல் தன்னுடையதைக் கழற்றினார். என் வாய் தானாக ஸலவாத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. எதற்காகச் சொல்கிறேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. மூன்று இருக்க வேண்டும் என்று கேட்டால் காக்காவின் இடம் போகும். இரண்டு என்றால் என் பிள்ளை போய்விடுவாள்.

கருங்கல் இரண்டு தெரிந்தன. நான் நன்றாகப் பார்த்தேன். அலை மணலை அரித்துக் கப்றின் ஒரு பக்கம் படியிறக்கம்போல் வெட்டுப்பட்டிருந்தது. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. நடுவில் மணல்.

மாப்பிள்ளையின் உம்மா பெருமூச்சு விட்டார். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவருக்கும் மூன்று வேண்டியிருந்தது என்று அந்த மூச்சில்தான் அறிந்தேன்.

காக்கா ஓதினார். துஆக் கேட்டுக் கையை முகத்தில் தடவினார். திரும்பி வருவார் என்று பார்த்தேன். அவர் வரவில்லை. தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு முழங்காலில் உட்கார்ந்தார். நடுவில் இருந்த மணலை இரண்டு கையாலும் விலக்கத் தொடங்கினார். மெதுவாகத்தான் விலக்கினார், படுத்திருப்பவரின் போர்வையை விலக்குகிற மாதிரி. ஒருவரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை. இரண்டு என்று சொல்லிவிட்டு அவர் எழும்பி வந்திருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் கண்ணால் கண்ட சாட்சி.

பிறகு அவர் கை நின்றது. தலை குனிந்தபடியே இருந்தார். எனக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"மூண்டு," என்றார்.

அலைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நான் நினைக்குமுன் அவரே எழும்பி எங்களுக்கு அருகில் வந்தார். கையெல்லாம் மணல். என்னைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையின் உம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"மூண்டாவது கல்லு உள்ளுக்க இரிக்கி. மாமாவோட வரக்குள்ள எல்லாம், ஓதி முடிஞ்சா அவர் நடுவில மண்ணைக் காலால இழுத்து மூடிப்போட்டுத்தான் வருவார். நான் அத ஒரு மரியாதை எண்டு நினைச்சன். மாமா மௌத்தான பிறகு நானும் அப்பிடித்தான் செஞ்சிட்டு வந்தன்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். மாமா அறிந்திருந்தார். மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அறிந்திருப்பார். பெருநாளுக்குப் பெருநாள் போய், அவளுக்கு யாஸீனும் ஓதி, அவள் பெண் என்பதையும் மூடிவிட்டு வந்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளையின் உம்மா கேட்டார்: "அப்ப உங்களுக்குக் குடி இல்லயா தங்கச்சி?"

"இல்ல ராத்தா."

அவர் தலையை ஆட்டினார். செருப்பைப் போடாமலே ஓட்டோ வரைக்கும் நடந்து போனார். அடுத்த நாள் தொதல் தட்டைத் திருப்பி அனுப்பியிருந்தார். வெறும் தட்டு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். மூடியிருந்த துணியை மகள்தான் எடுத்தாள். உள்ளே நிறையப் பலகாரம் இருந்தது.

மாரி அந்த வருடம் கடுமையாகப் பெய்தது. கிழக்கு மூலை முழுவதும் போய்விட்டது. போகுமுன் காக்கா தன் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். மூன்று கல்லும் தெரிகிற அந்தப் படத்தைத் தங்கச்சி மகன் இங்கிலீசுக்கார அம்மாவுக்கு அனுப்பினான். கோவில் சுவரில் இருக்கிற கல்லுக்குக் கீழே அந்தப் படத்தையும் வைத்துவிட்டு வந்தேன் என்று அவர் சொல்லியனுப்பினார்.

காக்கா பள்ளியில் தன் இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. எத்தனையோ தலைமுறைக்கு முந்திய கதை, இருந்துகொள்ளுங்கள் என்றுதான் மற்ற மரைக்காயர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பின் வரிசையில் உட்கார்ந்து குத்பா கேட்டுவிட்டு, யாரோடும் கதைக்காமல் வீட்டுக்கு வந்துவிடுவார். துரை கதை சொல்வதை அறவே விட்டுவிட்டார். அவர் வீட்டில் இப்போது தேத்தண்ணி சூடாகவே குடிக்கலாம். அது எனக்குச் சந்தோசமாக இல்லை. என் மகளுக்காக அவரிடமிருந்து எதை எடுத்தேன் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணம் எங்கள் வீட்டில் நடந்தது. நிக்காஹ் முடிந்து, மாப்பிள்ளையை உள்ளே கொண்டுவந்து விட்டு, பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ சோறு போதுமா என்ற பயம், மழை வருமா என்ற பயம், அதற்கும் மேலாக யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். கேட்காமல் இருப்பார்களா? சாய்ந்தமருதிலிருந்து வந்த ஒரு வயதான பெண், மகளின் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார், பொண்ணு என்ன குடி என்று.

சர்பத் தட்டோடு நான் நடுவில் நின்றேன். வாசலடியில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்த காக்காவின் முதுகு விறைத்தது.

மாப்பிள்ளையின் உம்மா என் மகளின் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"துரைசாணி குடி."

வாலை அறுக்காமல் முழுவதாகச் சொன்னார். கேட்ட பெண், அப்படி ஒரு குடியா என்று புருவத்தைச் சுருக்கினார். வாசலடியில் நின்ற காக்கா எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஓம்," என்றார். "எங்கட குடி அதுதான்."